மாப்பிள்ளையின் வலது கை

2022 அக்டோபர் 2, ஞாயிறு

காலை ஒன்பதுக்குக் கழகத்தில் கூடினோம். ஆறு பிளைவுட் பலகைகளையும் சட்டத்தில் ஏற்றி முடுக்கியாயிற்று. மொத்தம் இருபத்திரண்டு அடி நீளம், எட்டடி அகலம். மட்டம் பார்த்ததில் வடக்கு மூலை ஒரு நூல் இறங்கியிருந்தது. அட்டை மடித்து வைத்துச் சரிசெய்தோம். டிசம்பர் பதினேழில் கண்காட்சி. இன்னும் பத்து ஞாயிறுதான் இருக்கிறது.

இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தவன் ஹெரால்டு, எங்கள் போத்தனூர் சிறுரயில் கழகத்தின் தலைவன். பதினாறு வருஷம் நான் எஞ்சினில் டிரைவர், அவன் கடைசிப் பெட்டியில் கார்டு. "முன்னாடி நீ என்ன செஞ்சேன்னு எனக்கு ஒருநாளும் தெரிஞ்சதில்ல நாச்சிமுத்து. இனிமேலாவது எழுதி வை மேன்" என்றான். கழகத்துப் பதிவேடு தனியாக இருக்கிறது. அதையும் நான்தான் எழுதுகிறேன். இது எனக்கு.

நாங்கள் கட்டப்போவது கொன்றைமேடு ஜங்ஷன். அப்படி ஒரு ஊர் எங்கும் இல்லை. அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. ஆள் என்றால் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரம். சிக்னல் விளக்குகள் முழுக்க நவநீதன் பொறுப்பு. இன்று ஒன்றைச் செய்து காட்டினான். குண்டூசித் தலையளவு விளக்கு, சிவப்பு எரிந்து பச்சைக்கு மாறியது. கழகத்து லத்தீப் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

இந்த ஜூனில்தான் என் மகள் கோதையை நவநீதனுக்குக் கட்டிக் கொடுத்தேன். அவன் கழகத்தில் சேர்ந்து மூன்று வருஷம். ஜாதகம், சொந்தபந்தம் எல்லாம் அப்புறம். அந்தக் கையைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தேன். அவ்வளவு பொறுமையான கை.

அக்டோபர் 4, செவ்வாய்

ஆயுத பூஜை. ரம்பம், குறடு, திருப்புளி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தோம். ஹெரால்டு சிலுவை போட்டுக்கொண்டே பொரி தின்றான்.

அக்டோபர் 9, ஞாயிறு

முதல் பிளாட்பாரம். லத்தீப் பாய் போர்டு எழுதும் கலைஞர். மலை, கட்டடம், வண்ணம் எல்லாம் அவர்தான். பிளாட்பாரப் பலகையை அரை அங்குலம் குறைவாக அறுத்துவிட்டார். நவநீதன் ஒருமுறை அளந்தான், மறுபடியும் அளந்தான். "பட்டி பூசிக்கலாம் தம்பி, தெரியாது" என்று பாய் கையை நீட்டி இடத்தைக் காட்டினார். நவநீதன் சால்டரிங் அயர்னை அவர் முன்கையில் வைத்தான். ஒன்று, இரண்டு எண்ணும் நேரம். பிறகு எடுத்தான்.

பாய் கத்தவில்லை. காற்று முழுதும் வெளியேறியதுபோல ஒரு சத்தம். தோல் கருகிய வாசனை.

"கை தவறிருச்சுங் பாய்" என்றான் நவநீதன். பஞ்சு எடுத்து வந்ததும் அவன்தான்.

பதிவேட்டில், 'சூட்டுக் கருவி தவறுதலாகப் பட்டு லத்தீப் அவர்களுக்குச் சிறு காயம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "நீ பாத்தியா மேன்?" என்று ஹெரால்டு கேட்டான். கீழே குனிந்து ஸ்குரூ பொறுக்கிக்கொண்டிருந்தேன் என்றேன். ஸ்குரூ கீழே விழுந்திருந்தது உண்மை.

அக்டோபர் 12, புதன்

லத்தீப் பாய் வரவில்லை. பதினான்கு அடி தண்டவாளம் பதித்தோம்.

அக்டோபர் 19, புதன்

மூன்றாம் பாயிண்டில், தடம் பிரியும் இடத்தில், எஞ்சின் தடம்புரண்டுகொண்டே இருந்தது. நவநீதன் அரத்தால் இரண்டு தேய் தேய்த்தான், சரியாயிற்று. இடையிடையே கோதைக்கு ஃபோன் போட்டபடி இருந்தான். எடுக்கவில்லை போல. நான் எண்ணவில்லை, ஹெரால்டுதான் பதினோரு தடவை என்றான்.

மத்தியானம் கோதையே சாப்பாடு கொண்டுவந்தாள். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. கல்யாணத்துக்கு முன்பு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள், வெயிலில் முழுக்கை போட்டால் மயக்கம் வரும் என்று எங்களுக்கே பாடம் எடுத்தவள். வேலையை விட்டுவிட்டாள். நவநீதனுக்குப் பிடிக்கவில்லை, அதில் தப்பொன்றும் இல்லை.

"ஃபோன் என்னாச்சு?" என்று அவன் தணிந்த குரலில் கேட்டான்.

"சார்ஜ் இல்லீங்."

"அப்படியா" என்று சிரித்தான். சாப்பாடு நன்றாக இருந்தது. அவள் கொன்றைமேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.

அக்டோபர் 24, திங்கள்

தலைதீபாவளி. மாப்பிள்ளையும் மகளும் நேற்றே வந்துவிட்டார்கள். நவநீதனுக்கு வேட்டி, சட்டை, மோதிரம். பட்டாசு அவனுக்குப் பிடிக்காது, சத்தம் ஆகாது என்றான்.

விடியலில் கோதைக்கு எண்ணெய் வைக்க உட்கார்ந்தாள் என் மனைவி ருக்மணி. உட்கார்ந்த வேகத்தில் எழுந்து பின்கட்டில் இருந்த என்னிடம் வந்தாள். அவள் விரல்களில் எண்ணெயோடு ரத்தம்.

"கொத்தா முடியப் புடுங்கியிருக்கான். உச்சில ரெண்டு ரூவா அகலத்துக்கு மண்டை தெரியுது. பொருக்கு உடைஞ்சு வடியுது. தலைல கைவைக்க முடியலீங்க."

கண்காட்சி முடியட்டும், நான் பேசுகிறேன் என்றேன். நாலு சுவருக்குள் நடப்பதை நல்ல நாளில் தெருவுக்கு இழுக்க வேண்டாம் என்றேன். ருக்மணி விரல்களை முந்தானையில் துடைத்தாள்.

"நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எண்ணெய் இல்லாமல் கோதை குளித்தாள்.

ஆண்பிள்ளை வேலைக்குப் போய் வருகிறவன். கோபம் வரும். எனக்கும் வந்திருக்கிறது. பன்னிரண்டு மணிநேர டியூட்டி முடித்து வந்து ஒன்றிரண்டு தட்டு தட்டியிருக்கிறேன். குடும்பம் கவிழ்ந்துவிடவில்லை.

நவம்பர் 6, ஞாயிறு

மலைக்குச் சாந்து பூசினோம். கம்பி வலை, பழைய பேப்பர், மேலே பாரிஸ் சாந்து. லத்தீப் பாய் வந்தார். கையில் கட்டுப் பிரித்தாயிற்று, காசு அகலத்துக்குக் கன்றிய தழும்பு. நவநீதன் இருக்கும் பக்கம் அவர் போகவில்லை.

டீ நேரத்தில் நவநீதனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். "மாப்ள, கோதை கொஞ்சம் வாய் பேசறவ. ஒத்தைப் புள்ளைன்னு செல்லமா வளர்ந்துட்டா. நீங்கதான் பொறுத்துக்கோணும்."

அவன் டீயை முழுதும் குடித்து முடித்தான். "அத்தைகிட்ட நீங்க பொறுத்துட்டீங்களாங் மாமா? கோதை எல்லாஞ் சொல்லியிருக்கா. சின்னதுல கட்டிலுக்கடில போய்ப் படுத்துக்குவாளாமா, உங்க பூட்ஸ் சத்தம் கேட்டா."

அவன் முகத்தில் கேலி எதுவும் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டான்.

மத்தியானத்துக்கு மேல் சுரங்கத்துக்குள் நான்கு அடி தண்டவாளம் போட்டேன்.

நவம்பர் 13, ஞாயிறு

வேலை ஓடவில்லை. பழைய நினைப்பு.

தொண்ணூற்றாறு, ஆடி மாதம். காலை பத்து மணி, வளைவு தாண்டியதும் ஒரு பெண் தண்டவாளத்தில் நின்றாள், பச்சைச் சேலை. ஹாரனை விடாமல் அடித்தேன், பிரேக்கை முழுதும் போட்டேன். இரண்டாயிரம் டன் சரக்கு எங்கே நிற்கும். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். சத்தம் பெரிதாக இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்ததும் நான்தான், ஹெரால்டு வர அரைமணி ஆயிற்று. எஞ்சின் முகப்பில் முடியும் சேலைக் கிழிசலும் ஒட்டியிருந்தன. என் சர்வீஸில் ஒன்பது பேர். இவள் மட்டும்தான் முகத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தேன். ருக்மணி ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்பது ஞாபகமில்லை. பச்சைச் சேலை கட்டியிருந்தாள்.

அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 20, ஞாயிறு

மரங்கள் நூற்றுப்பத்து. மரத்தூளுக்குப் பச்சைச் சாயம்.

நவம்பர் 27, ஞாயிறு

கழகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கோதை பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. நேற்றே போட்டது, தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள்.

உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பிறகு ரத்தப் பரிசோதனை முடிவைப் படிக்கிறவள்போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவனுடைய மேசையை அவள் துடைக்கும்போது ஒரு சிக்னல் விளக்குக் கம்பம் ஒடிந்துவிட்டது. நீயா என்று அவன் கேட்டான், ஆமாம் என்றாள். அவளை அறை வாசலுக்குக் கூட்டிப்போய், கையை நிலையில் வைக்கச் சொல்லி, கதவைச் சாத்தினான்.

"நீயே வெச்சியா கையை?" என்றாள் ருக்மணி.

"வெக்கலேன்னா தலைம்மா."

ருக்மணி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்குக் காது இரைந்தது. பத்து நாள் இருந்துவிட்டுப் போகட்டும், கண்காட்சி முடிந்ததும் பெரியவர்களை வைத்துப் பேசலாம் என்றேன். கோதை, "கண்காட்சியாப்பா" என்று மட்டும் கேட்டாள்.

நவம்பர் 30, புதன்

நவநீதன் வழக்கம்போல ஒன்பதுக்கு வந்தான். இருட்டு மூலையில் பதினெட்டுக் கம்பிகளைப் பிணைக்க வேண்டியிருந்தது. நான் டார்ச் பிடித்தேன். மாலை வரை பிடித்தேன். அவன் விரல் ஒருதரம்கூட நடுங்கவில்லை.

"கோதை எப்பங் வர்றா?" என்றான்.

"கண்காட்சி முடியட்டும் மாப்ள" என்றேன்.

டிசம்பர் 4, ஞாயிறு

மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறேன் என்று கோதை கிளம்பினாள். வேண்டாம் என்றேன். சிக்னல் வேலை முடிய அவன் வேண்டும், ஊரெல்லாம் அழைப்பிதழ் போயாயிற்று, ஹெரால்டு மூன்று வருஷமாகப் பாடுபடுகிறான், இதையெல்லாம் சொன்னேன்.

"ரயில் பொம்மைக்காக என்னை நிறுத்தறீங்க."

"பொம்மைன்னு சொல்லாதே."

"பொம்மைதான். உங்களுக்கும் பொம்மை, அவனுக்கும் பொம்மை. ரெண்டு பேருக்கும் ஊட்டுல அடிக்க ஒரு ஆளு, வெளிய ஆட ஒரு பொம்மை."

கோபத்தில் கை ஓங்கினேன். அவ்வளவுதான். அவள் அறைக்குள் போய்விட்டாள். ருக்மணி சமைக்கவில்லை.

டிசம்பர் 5, திங்கள்

நேற்று எழுதியது சரியல்ல. அடித்தேன்.

டிசம்பர் 6, செவ்வாய்

காலையில் கோதை பையோடு வாசலில் நின்றாள். கன்னத்தில் என் விரல்கள் இன்னும் தெரிந்தன. போலீசுக்கா என்று கேட்டேன். இல்லை, அவன் வீட்டுக்கு என்றாள்.

"எங்க இருந்தாலும் ஒண்ணுதான்னு ஆகிப்போச்சு. அங்கயாச்சும் என்ற துணிமணி இருக்குது."

ருக்மணி குறுக்கே நின்று பார்த்தாள். கோதை அம்மாவைக் கட்டிக்கொண்டு, விலக்கிவிட்டு, போய்விட்டாள். நான் தடுத்திருக்கலாம். அவன் அழைத்துக்கொள்வான், எல்லாம் ஒருவழியாகச் சரியாகும் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

டிசம்பர் 11, ஞாயிறு

முழு வட்டமும் ரயில் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

டிசம்பர் 14, புதன்

நேற்று இரவு முதல் கோதை ஆஸ்பத்திரியில். தாடை இரண்டு இடத்தில் முறிவு. விலா மூன்று. கொண்டுவந்து சேர்த்தவன் நவநீதன்தான், மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். மருத்துவர் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "படியில விழுந்தா முதுகுல செருப்புத் தடம் எப்படிங்க வரும்?" என்றார். போலீசுக்குத் தகவல் சொல்லியாயிற்றாம். வாயைக் கம்பி வைத்துக் கட்டப் போகிறார்கள். அறுவை முடிந்து அவள் நினைவு தெளிந்து எழுதிக் காட்டினால்தான் வழக்கு நகரும் என்று இன்ஸ்பெக்டர் அம்மா வந்து சொல்லிப் போனார்.

முகம் அடையாளமே தெரியவில்லை. பெயர்ச்சீட்டைப் பார்த்துத்தான் கட்டிலைக் கண்டுபிடித்தேன்.

டிசம்பர் 16, வெள்ளி

ருக்மணி ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள். நான் பக்கத்தில் போனால் எழுந்து அடுத்த பக்கம் போகிறாள். கழகத்துக்குப் போனேன். பள்ளிக்கூட மண்டபத்துக்குப் பலகைகளை ஏற்றிப்போய்ப் பொருத்தினோம். நவநீதனும் வந்தான். "படி வழுக்கிருச்சுங் மாமா" என்றான்.

தலையாட்டினேன்.

2023 ஜனவரி 6, வெள்ளி

நேற்று ஜாமீனில் வந்தேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

டிசம்பர் பதினேழு காலை பத்தரைக்குக் கண்காட்சி திறந்தது. நல்ல கூட்டம், பாதிக்குப் பாதி குழந்தைகள். நவநீதன் வெள்ளைச் சட்டை போட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியருகே நின்று ரயிலை ஓட்டினான். நான் முதல் பிளாட்பாரத்தின் பக்கம் நின்று வருகிறவர்களுக்கு விளக்கம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பதினொன்று வாக்கில் யாரோ ஒரு குழந்தை மேசையை இடித்தது. பிளாட்பாரத்தில் ஒட்டியிருந்த பொம்மை மனுஷி ஒருத்தி பெயர்ந்து தண்டவாளத்தில் விழுந்தாள். நவநீதன் என் பக்கம் வந்து, குனிந்து, சிமிட்டா இடுக்கியால் அவளைத் தூக்கி மறுபடி நிறுத்தினான். நிற்கவில்லை, சாய்ந்தாள். மறுபடி நிறுத்தினான்.

"இவ வுழுந்துட்டேதான் இருப்பாளாட்டமிருக்குது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மேசைக்கடியில் ஆணிப் பெட்டியில் சுத்தியல் இருந்தது. அரைக் கிலோ. எடுத்தேன். இடது கையால் அவன் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பிளாட்பாரத்தில் அழுத்தினேன். என்ன செய்கிறேன் என்று அவனுக்குப் புரிய நேரமாயிற்று. ஏதோ காட்டப் போகிறேன் என்று நினைத்து விரலை விரித்தே வைத்திருந்தான். முதல் அடி விரல் முட்டிகளில். பலகையும் சேர்ந்து உடைந்தது. அவன் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. இரண்டாவது கட்டைவிரலில். மூன்றாவதில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. ரயில் வட்டம் சுற்றி வந்து அந்தக் கையில் மோதி நின்றது. சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஹெரால்டு பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்தான். முழங்கையால் அவன் வாயில் இடித்தேன். முன்பல் போயிற்று. முப்பது வருஷ நண்பன். பிறகும் நவநீதன் கையில் ஒன்று அடித்தேன். நாலாவது அடி எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்தக் கை அதற்கு முன்பே முடிந்திருந்தது.

கோபத்தில் செய்துவிட்டேன் என்று வக்கீல் எழுதியிருக்கிறார். கோபம் இல்லை. வெகுநாளைக்குப் பிறகு கைக்கு ஒரு வேலை கிடைத்ததுபோல இருந்தது. குழந்தைகள் அலறியதெல்லாம் அப்புறம்தான் காதில் விழுந்தது. ஒரு சின்னப் பெண்ணின் வெள்ளைச் சட்டையில் ரத்தம் தெறித்திருந்தது. அவள் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறையில் எல்லோரும் மரியாதையாக நடத்தினார்கள். "பெத்த புள்ளைக்காகச் செஞ்ச மனுஷன்" என்று ஒரு கைதி தன் போர்வையைக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். கேட்க இதமாகத்தான் இருந்தது.

வக்கீல் வரதராஜுலு மூன்றாம் நாள் வந்தார். கோதை கம்பி கட்டிய வாயோடு, நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டாளாம். நவநீதனை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கைது செய்தாயிற்று. வக்கீல் நகல் வைத்திருந்தார். மூன்றரைப் பக்கம் அவனைப் பற்றி. கடைசி அரைப் பக்கத்தைப் படிக்க அவர் தயங்கினார். நான் வாங்கிப் படித்தேன். 'டிசம்பர் நாலாம் தேதி என் அப்பா என்னை அடித்தார். அதனால்தான் திரும்பிப் போனேன். சிறு வயதில் என் அம்மாவை அவர் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தேன்' என்று இருந்தது.

ருக்மணியையும் விசாரித்திருக்கிறார்கள். "உங்க கணவர் எப்படிப்பட்டவர்?" என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டதற்கு அவள் சொன்னது ஒரே வரி: "தொண்ணூத்தாறு ஆடில இருந்து எனக்கு இடது காது கேக்காதுங்க."

இத்தனை வருஷமாகக் காதில் சீழ் பிடித்ததால் என்றுதான் ஊரில் சொல்லிவந்தோம். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில். ருக்மணியும் கோதையும் லத்தீப் பாய் வீட்டு மாடியில் குடியிருக்கிறார்கள்.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். கோதை அம்மாவின் துணிமணி எடுக்க வந்தாள். தாடை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை, பல்லுக்கிடையில் பேசினாள். அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டேன். பீரோவைத் திறந்து சேலைகளை மடித்து மடித்துப் பையில் வைத்தாள்.

"உனக்காகத்தான் அம்மிணி" என்றேன்.

மடிப்பதை நிறுத்தினாள். "எனக்காகன்னு சொல்லாதீங்க. எனக்காகன்னா நவம்பர்லயே என்னைப் போலீசுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க. உங்களுக்கு அடிக்கறதுன்னா வரும், மத்தது வராது. அதனால அடிச்சீங்க."

"அவன் கை இனி ஆகாதாமா" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அதுக்கு நான் சந்தோஷப்படோணுமா? கோர்ட்ல என்ன சொல்றான் தெரியுமா? அப்பன் வெறிநாய், மக அடிபட்டதுக்கும் அந்தாளுதான் காரணம்ங்கறான். முதுகுல இருக்கற தடம் உங்க செருப்புதானாமா. இப்ப நான் அதை இல்லைன்னு நிரூபிக்கோணும். ஒரு அடி அடிச்சவர்னு நானே எழுதிக் குடுத்தும் இருக்கறேன்."

பை கனமாக இருந்தது. தூக்கப் போனேன். "விடுங்க" என்றாள்.

ஜனவரி 18, புதன்

ஹெரால்டு வந்தான். புதுப் பல் கட்டியிருக்கிறான். உட்காரவில்லை. "கழகத்துல உன் பேரை எடுத்துட்டோம் நாச்சிமுத்து" என்றான். கொன்றைமேட்டைப் பிரித்துக் குப்பைக்குக் கொடுத்தாயிற்றாம். ரத்தம் ஊறிய பலகையை யாரும் தொட ஒப்பவில்லை.

பிப்ரவரி 8, புதன்

வக்கீலின் புதுத் திட்டம் இது. நவநீதன்தான் முதலில் சூட்டுக் கருவியை என் முகத்துக்கு நேரே தூக்கினான், தற்காப்புக்கு அடித்தேன் என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்ற லத்தீப் பாய் சாட்சி சொன்னால் போதும். அவர் கையில் ஏற்கனவே அதே ஆள் வைத்த தழும்பு இருப்பதால் நீதிமன்றம் நம்பும்.

பாய் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். ஏணியில் நின்று ஒரு கடைப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு இறங்கிவந்து சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினார்.

"இதை அவன் வெச்சப்ப நீங்க பாத்தீங்க. பாக்கலைன்னு எழுதுனீங்க. இப்ப நான் பாக்காததைப் பாத்தேன்னு சொல்லோணுமுங்களா?"

மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"உங்க ஊட்டுக்காரம்மா என்ற மாடிலதான் இருக்காங்க. காலைல எங்க ஊட்ல பாத்திரம் கீழ வுழுந்தா மேல அவங்க எந்திரிச்சு மூலைக்குப் போயர்றாங்கன்னு என் சம்சாரம் சொல்றா. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு வந்து. நீங்க போயிட்டு வாங்க."

பாதி எழுதிய பெயரை முடிக்க ஏணி ஏறினார்.

பிப்ரவரி 9, வியாழன்

கழகப் பதிவேட்டில் உள்ள அக்டோபர் ஒன்பதாம் தேதிப் பதிவு பொய் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். செருப்பு விஷயமும். நான் கோதையின் கன்னத்தில் அடித்தது டிசம்பர் நாலு, ஒரே ஒரு முறை, என் வீட்டில். பதின்மூன்றாம் தேதி நான் நவநீதன் வீட்டுப் பக்கமே போகவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா இரண்டுமுறை படித்துப் பார்த்தார். "இது உங்க கேஸுக்கு நல்லதில்லைங்களே" என்றார். தெரியும் என்றேன்.

மார்ச் 14, செவ்வாய்

நீதிமன்றம். என் வழக்கும் நவநீதன் வழக்கும் ஒரே நாள். அவன் கட்டுப்போட்ட கையோடு வராந்தாவின் அந்தக் கோடியில் நின்றான். விரல் இரண்டு எடுத்துவிட்டார்கள். சட்டைப் பொத்தானை அவன் அம்மா போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

நடுவர் குற்றச்சாட்டைப் படித்தார். பிறகு, "உங்க தரப்புல தற்காப்புன்னு சொல்றீங்க. முதல்ல அடிச்சது யாரு?" என்றார். வரதராஜுலு என் முதுகில் விரலால் லேசாகத் தட்டினார்.

"நானுங்க" என்றேன். "அவன் கைல ஒண்ணும் இல்ல. நான் புடிச்சு வெச்சு அடிச்சேன். நாலு தடவை."

தீர்ப்பு இருபத்தெட்டாம் தேதி. இரண்டு வருஷம் வரலாம் என்கிறார் வக்கீல். என் முகம் பார்ப்பதை நிறுத்திவிட்டார், காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

கோதையின் சாட்சியம் மத்தியானம் வரை நடந்தது. உள்ளே போக எனக்கு அனுமதியில்லை. வெளியே வந்தபோது அவளுக்கு நன்றாக வியர்த்திருந்தது, அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். அவளோடு ருக்மணி. மூன்று மாதத்தில் முதல்முறையாக இவ்வளவு அருகில் பார்க்கிறேன்.

கோதைதான் பேசினாள். "ஜட்ஜ்கிட்ட சொன்னீங்களாமா. நல்லது. அம்மாகிட்ட எப்பச் சொல்லுவீங்க?"

நான் ருக்மணியை நோக்கி இரண்டடி வைத்தேன். அவள் இரண்டடி பின்னால் போனாள். சுவர் வந்துவிட்டது. அவள் கண் என் முகத்தில் இல்லை, என் கைகளில் இருந்தது. நின்றேன்.

"அங்கேயே நின்னு சொல்லுங்க" என்றாள் ருக்மணி.

நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். வராந்தாவில் நிறையப் பேர் இருந்தார்கள், காவலர்கள், குமாஸ்தாக்கள், யார் யாரோ. தொண்ணூற்றாறு ஆடியைச் சொன்னேன். அடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததைச் சொன்னேன். கோதை வயிற்றில் இருந்தபோது தள்ளிவிட்டதைச் சொன்னேன். ருக்மணியின் அம்மா இறந்த செய்தி வந்த அன்று, அழுகையை நிறுத்தச் சொல்லிக் கழுத்தைப் பிடித்ததைச் சொன்னேன். அதற்குமேல் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவ்வளவுதான் என்று உண்மையிலேயே நினைத்தேன்.

ருக்மணி முழுதும் கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"விட்டுப்போனது நெறைய இருக்குதுங்க" என்றாள். "ஊட்டுக்குப் போய் ஒவ்வொண்ணா எழுதுங்க. தேதி தெரியலைன்னா என்னைக் கேட்டு ஆளனுப்புங்க. எனக்கு எல்லாத் தேதியும் தெரியும்."

கோதையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.